பேசினைக் கவிழ்த்த கை

மாவட்டச் சுகாதார அலுவலகம்
9 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா எஸ்னாத் அவர்களுக்கு,

ஜூன் மாதம் உங்கள் மாமனாரின் சாவு வீட்டிலிருந்து நான் கிளம்பியபின் நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லை. இதையும் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்ற ஐயத்தால் மீன் லாரி ஓட்டுநர் சௌலோஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் உறையைக் கிழிக்கும்வரை அங்கிருந்து நகரக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நலம் விசாரிக்கும் வரிகளைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் செய்தி.

தெம்பவே மீன்பிடிக் குப்பத்துக்குக் காலரா வந்துவிட்டது. முதல் மழை பெய்து, மேட்டில் கிடந்த கழிவெல்லாம் ஏரிக்குள் இறங்கிய வாரத்திலேயே தொடங்கியிருக்கிறது. அங்கே கழிப்பறை உள்ள குடிசைகள் குறைவு. குடிப்பதும் குளிப்பதும் ஒரே துறையில். உங்கள் மகள் தவோங்காவை மணக்கவிருக்கும் லெவியின் குடும்பம் அந்தக் குப்பத்தில்தான் வசிக்கிறது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி லெவியின் அப்பா கலுவாவின் வீட்டார் படகேறி உங்கள் வீட்டுக்குச் சம்மதச் சாப்பாட்டுக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பு வரவில்லை. அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

அந்தச் சாப்பாட்டை மழைக்காலம் முடியும்வரை தள்ளிவையுங்கள். தள்ளிவைக்க இயலாதெனில், வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேசினில் கையை முக்கிவிட்டு அதே கையால் ஒரே தட்டில் சிமாக் களியைப் பிட்டுத் தின்பதையாவது நிறுத்துங்கள். இதை நான் ஜூன் மாதமும் சொன்னேன். சொன்ன விதம் பற்றி உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். சொன்ன விஷயத்தில் எனக்கு மாற்றம் இல்லை.

இடைப்பட்ட நாட்களுக்கு: ஏரித் தண்ணீரைக் குமிழி பொங்கக் கொதிக்கவிட்டு, மூடியிட்ட பானையில் ஆறவையுங்கள். பானைக்குள் குவளையை விட்டு மொள்ளாதீர்கள். குவளையோடு விரலும் உள்ளே போகிறது. நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்று போதும். மாம்பழம் இப்போது மரத்தடியில் குவிந்து கிடக்கும். கொதித்து ஆறிய நீரில் கழுவி, தோலை உரித்துவிட்டுத் தின்னச் சொல்லுங்கள். உசிபா மீனை மீந்தது என்று மறுநாள் ஆறியபடி பரிமாற வேண்டாம். ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

தவோங்கா நலமா? நீங்கள் நலமா?

உங்கள் தம்பி,
யாஃபெத் முஹாங்கோ
மாவட்டச் சுகாதார ஆய்வாளர்


சிங்கோலே
15 நவம்பர்

இன்ஸ்பெக்டர் தம்பிக்கு,

சௌலோஸ் அசையாமத்தான் நின்னான். ரெண்டு கப் டீயும் ஒரு தட்டு அவிச்ச மரவள்ளியும் முடியற வரைக்கும் நின்னான். இவன் நின்னா வீட்டுல ஒண்ணும் மிஞ்சாதுன்னுதான் உறையைப் பிரிச்சேன்.

அஞ்சு மாசமா எழுதாத ஆளு. எழுதின முதல் கடுதாசியிலேயே கழிப்பறையா? அதுவும் கூடப்பிறந்தவளுக்கு எழுதுறதுக்குக் கீழே உத்தியோகம் வேற போட்டிருக்கே. எனக்குத் தெரியாதா நீ யாருன்னு?

'சொன்ன விதம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டே. அந்த விதத்தை நான் சொல்றேன், கேளு. என் மாமனாருக்கு மண்ணு போட்டுட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்தாங்க. பேசின் சுத்தி வந்துச்சு. பெரியவர் கலுவா, நாளைக்கு எனக்குச் சம்பந்தி ஆகப்போறவர், கையை நனைச்சுட்டு மரியாதையா உனக்கு நீட்டினார். நீ எழுந்து நின்னு, "இதுக்குப் பேர் கை கழுவுறது இல்ல, நோயைப் பங்கு போடுறது"ன்னு ஒரு பிரசங்கம் பண்ணிட்டு, பேசினைத் தலைகீழாக் கவுத்தே. தண்ணி பூரா அவர் ஷூவுக்குள்ள போச்சு. தெம்பவேல ஷூ வச்சிருக்கறதே அவர் ஒருத்தர்தான். சாப்பிடாம எழுந்து படகுக்குப் போனார். ஷூவுல தண்ணி சளக் சளக்குன்னு சத்தம் போட்டுச்சு. சாவு வீட்டுல பொம்பளைங்க சிரிப்பை அடக்க முடியாம அழற மாதிரி நடிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலே.

அதுக்கப்புறம் நான் தெம்பவேக்குப் படகேறிப் போய்ப் போய் இடுப்பு விட்டுப்போச்சு. கோழி கொண்டு போனேன். வாயை மூடிக்கிட்டு திட்டு வாங்கினேன். "உங்க தம்பி எங்களை அழுக்குன்னு சபையில சொல்லிட்டார்." இதையேதான் அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். அவரோட அக்கா நியாகலுவா ஒருத்திதான் என் பக்கம். "விடுடா, அழுக்குன்னு சொன்னவன் உன் ஷூவையும் சேர்த்துக் கழுவிட்டுல்ல போயிருக்கான்"னு சொல்லிச் சிரிச்சா. அவ சிரிச்சதுலதான் அவர் இறங்கி வந்தார்.

ஆனா ஒரு நிபந்தனை போட்டிருக்கார். ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் ஒரே தண்ணியில கை நனைச்சு ஒரே தட்டுல சாப்பிட்டாத்தான் நம்ம கரையில பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அது உனக்கே தெரியும். இந்தத் தடவை, கவுத்த கை அதே பேசின்ல முங்கணுமாம். அதாவது உன் கை. தவோங்காவுக்கு அப்பா இல்ல. என் புருஷன் பக்கத்து ஆம்பளைங்க தெற்கே வேலைக்குப் போனவங்க, ஒருத்தனும் திரும்பலே. எங்க பாயில பெரியவனா உட்கார வேண்டியவன் நீ. அழைப்பு வரலேன்னு எழுதியிருந்தியே, இதான் அழைப்பு.

தள்ளிப்போடறதுக்கு இல்ல. லெவி ஜனவரியில சுரங்க வேலைக்குத் தெற்கே போறான். சாப்பாடு முடியாம அவன் பஸ் ஏறினா, என் பொண்ணு இந்தக் கரையில நின்னுக்கிட்டு பஸ் போன பாதையைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அதுக்கு நான் விடமாட்டேன்.

வா. வந்து கையை முக்கு. அப்புறம் வீட்டுக்குப் போய் எத்தனை சோப்பு வேணும்னாலும் போட்டுக் கழுவிக்கோ.

எஸ்னாத்

தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம். நீ சொல்லித்தான்னு நினைச்சுக்காதே.


மாவட்டச் சுகாதார அலுவலகம்
21 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

அழைப்புக்கு நன்றி. நிபந்தனையை ஏற்க இயலாது. காரணத்தை ஒழுங்காக எழுதுகிறேன். கோபப்படாமல் முழுவதும் படியுங்கள்.

நம் வழக்கத்தில் பேசின் எந்த வரிசையில் நகர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வயதில் மூத்தவர் முதலில் கை நனைக்கிறார். பிறகு அவருக்கு அடுத்தவர். ஆண்கள் முடிந்து பெண்கள். எல்லோரும் முடித்தபின் அந்தச் சாம்பல் நிறத் தண்ணீர் குழந்தைகளிடம் போகிறது. மரியாதை மேலிருந்து கீழே இறங்குகிறது. அழுக்கும் அதே வழியில்தான் இறங்குகிறது. கடைசியில் கை முக்குகிற குழந்தைக்குத்தான் நோயைத் தாங்கும் வலு குறைவு. பணியில் சேர்ந்த நாளிலிருந்து மழைக்காலம்தோறும் நான் தூக்கிய சிறிய சவங்கள் இந்த வரிசையை எனக்குக் கற்பித்தன. ஜூன் மாதம் என் கைக்கு அந்தப் பேசின் வந்தபோது எனக்குப் பின்னால் வரிசையில் யார் யார் இருந்தார்கள் என்பதை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இன்னொன்று. காலராவைச் சுமப்பவர் எல்லோரும் படுத்துவிடுவதில்லை. தெம்பாக இருப்பவர் போலச் சிரித்துப் பேசி, வெளியே போய்வந்து, கையைச் சரியாகக் கழுவாமல் பந்தியில் உட்காருபவரே அதைப் பரப்புகிறார். பேசினில் மருந்து கலந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். பத்துக் கைகளின் அழுக்கு சேர்ந்தபின் அந்த மருந்தை நம்ப முடியாது. ஓடும் தண்ணீர் வேண்டும். ஒருவர் ஜக்கிலிருந்து ஊற்ற, மற்றவர் சோப்பால், சோப்பு இல்லையென்றால் அடுப்புச் சாம்பலால், விரலிடுக்கும் நகக்கண்ணும் தேய்த்துக் கழுவி, அந்த நீர் கீழே விழுந்துவிட வேண்டும். ஒருவர் தொட்ட நீரை அடுத்தவர் தொடக் கூடாது. இதுதான் விதி. இதில் யாரையும் அவமதிக்கும் சொல் ஒன்றுமில்லை.

காலரா உள்ள பகுதியில் கூட்டு விருந்துகளைத் தடைசெய்யும் உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு உண்டு. அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் அதை ஒட்டும் நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

யாருக்காவது கழுநீர் போலப் பேதியானால் காத்திருக்காதீர்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள். உப்பு அளவு மீறக் கூடாது.

யாஃபெத்


சிங்கோலே
26 நவம்பர்

தம்பி,

முழுசும் படிச்சேன். ரெண்டு தடவை. குழந்தைங்களைப் பத்தி நீ எழுதினது எனக்கு உறைச்சுது. அன்னைக்கு உனக்குப் பின்னாடி பக்கத்து வீட்டு ரெட்டைங்க உட்கார்ந்திருந்துச்சுங்க. இப்போ ஞாபகம் வருது.

ஆனா நீ எழுதின சட்டத்துல ஜக்கு இருக்கு, சோப்பு இருக்கு, சாம்பல் இருக்கு. முட்டி எங்கே?

ஊத்தறவங்க முட்டி போட்டுத்தான் ஊத்தணும். பொண்டாட்டி புருஷனுக்கு ஊத்துவா. மருமக மாமனாருக்கு ஊத்துவா. நின்னுக்கிட்டு ஊத்தினா மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி. சம்மதச் சாப்பாட்டு அன்னைக்கு யாரு முட்டி போடறது? நான் போட்டா, பொண்ணு வீட்டுக்காரி காலைப் பிடிச்சுக் கட்டிவச்சான்னு பேசுவாங்க. தவோங்கா போட்டா இன்னும் மோசம். அன்னைக்கு அவ இன்னும் அவங்க மருமக இல்ல. சாப்பாடு முடிஞ்சாத்தான் மருமக. அதுக்கு முன்னாடி அவ முட்டி தரையைத் தொட்டா, 'நீயா கெஞ்சி வந்தவதானே'ன்னு சாகற வரைக்கும் அவளைக் குத்துவாங்க. அவங்க பக்கம் ஒருத்தர் போட்டா, பெரியவர் கலுவா படகைத் திருப்பிடுவார். சின்னப் பசங்களை ஊத்தச் சொல்லலாம்னா, சம்மதத் தண்ணியைச் சின்னப் பசங்க கையில கொடுக்க மாட்டாங்க.

அதனாலதான் பேசின். பேசின்ல யாரும் யாருக்கும் முட்டி போட வேண்டாம். எல்லாரும் ஒரே உசரம். அதை அழுக்குப் போக்கறதுக்காக வச்சாங்கன்னு நீ நினைச்சுக்கிட்டு சண்டை போடறே. அது முட்டிக்காக வச்சது, தம்பி. உன் ஆபீஸ் புஸ்தகத்துல இதுக்கு ஒரு வழி இருந்தா எழுது. இல்லேன்னா நான் என் வழியில போறேன்.

உத்தரவு ஒட்டுறதா இருந்தா ஒட்டு. பசையை நானே காய்ச்சித் தர்றேன். போலீஸையும் கூட்டிக்கிட்டு வா, அவங்களுக்கும் சேர்த்து சிமா கிண்டறேன். நீ ஒட்டின வாசலை விட்டுட்டு தோப்புக்குப் பின்னாடி பாய் விரிப்பேன். பன்னிரண்டாம் தேதி சாப்பாடு நடக்கும்.

தெம்பவேல நேத்து இன்னும் ரெண்டு வீட்டுல அழுகைச் சத்தம். நியாகலுவா வந்திருந்தா. சர்க்கரை உப்புக் கணக்கை அவளுக்கும் சொல்லி அனுப்பினேன். "உன் தம்பி சமையல் குறிப்பும் எழுதுவானா"ன்னு கேட்டா.

எஸ்னாத்


மாவட்டச் சுகாதார அலுவலகம்
1 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா,

தடை உத்தரவில் கையெழுத்திடவில்லை. தோப்புக்குப் பின்னால் விரிக்கப்படும் பாயை விட வாசலில் விரிக்கப்படும் பாயை என்னால் கண்காணிக்க முடியும் என்பதே காரணம். இதைத் தோல்வி என்று ஊரில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பன்னிரண்டாம் தேதி காலை சௌலோஸின் லாரியில் வருகிறேன். மூக்குள்ள பெரிய ஜக்குகள் இரண்டும் சோப்பும் நான் கொண்டுவருவேன். நீங்கள் முதல் நாளே தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடிவையுங்கள். பேசினையும் எடுத்து வையுங்கள். கலுவா அதைத் தேடுவார். அது கீழே இருக்கட்டும். எந்தக் கையும் அதற்குள் இறங்காது. சிமாவைக் கடைசி நேரத்தில் கிண்டுங்கள். குழம்பின் மேல் ஈ உட்காராமல் மூடுங்கள். கழிப்பறை வாசலில் தனியாக ஒரு குடமும் சாம்பலும் வேண்டும். அங்கே சென்று வருபவர் கழுவாமல் பாய்க்குத் திரும்பாதபடி தவோங்காவின் தோழி ஒருத்தியை நிறுத்துங்கள். வாயாடியாக இருந்தால் நல்லது.

உங்கள் கேள்விக்கு என் அலுவலகப் புத்தகத்தில் விடை இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முட்டி போடும் ஆளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவரை நான் அழைத்து வருகிறேன்.

யாஃபெத்


சிங்கோலே
14 டிசம்பர்

தம்பி யாஃபெத்துக்கு,

நேத்துக் காலையில வடகரை முகாமுக்கு ஆள் வேணும்னு உன்னை அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை பேச முடியலே. அதனால எழுதறேன். நீ அன்னைக்குப் பூரா குனிஞ்சே இருந்தே. யார் மூஞ்சியையும் பாத்திருக்க மாட்டே. நான் பாத்தேன்.

நீ ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு எழுதினதும், ஆபீஸ்ல யாராவது ஒரு பியூனை அழைச்சுக்கிட்டு வருவேன்னு நினைச்சேன். லாரியிலேர்ந்து கோட்டும் டையுமா நீ மட்டும் இறங்கினே. 'ஆள் எங்கேடா'ன்னு கேட்டேன், நீ ஜக்கைத் துடைச்சுக்கிட்டிருந்தே. அப்பவும் எனக்குப் புரியலே பாரு.

எல்லாரும் உட்கார்ந்தப்புறம் பெரியவர் கலுவா பேசினைக் காட்டி, "கவுத்த கை முங்கறதைப் பாத்துட்டு நாங்க நனைக்கிறோம்"னார். நீ கோட்டைக் கழட்டி மடிச்சு வச்சே. அந்த மடிப்புக்கே பாதி நேரம் போச்சு. அப்புறம் அவர் முன்னாடி போய் முட்டி போட்டே. அம்பது வயசு ஆம்பளை, பொண்ணோட மாமன், சர்க்கார் உத்தியோகஸ்தன். நீ சொன்னது கடைசி பாய் வரைக்கும் கேட்டுது: "முங்க வரலே ஐயா. ஊத்த வந்திருக்கேன். அன்னைக்கு உங்க கையிலேர்ந்து தண்ணியைப் பறிச்சேன். இன்னைக்கு நானே தர்றேன். இது பொண்ணு வீட்டு முட்டி இல்ல. சுகாதார ஆபீஸ் முட்டி. இதை வச்சு யாரும் நாளைக்கு எங்க தவோங்காவைப் பேச முடியாது."

அவர் கையை நீட்டலே. மடியிலேயே வச்சுக்கிட்டு உன் தலையையே பாத்துக்கிட்டிருந்தார். நீ ஜக்கைத் தூக்கினபடியே இருந்தே. நான் எழுந்து ஏதாவது சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நியாகலுவா அவரை முட்டித் தள்ளிக்கிட்டு முன்னாடி வந்து ரெண்டு கையையும் நீட்டிட்டா. "மூத்தவ நான். ஆம்பளை முட்டி போட்டு ஊத்துற தண்ணி எப்படி இருக்கும்னு சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துக்கறேன். ஊத்துடா"ன்னா. சபை பூரா சிரிச்சுது.

நீ அவளுக்காவது சும்மா ஊத்தினியா? "விரல் நடுவுல தேய்க்கலே. கட்டை விரலை விட்டுட்டீங்க. நகத்தைச் சுரண்டுங்க." அவ, "என் மாமியார்கூட என்னை இப்படிப் படுத்தினது இல்ல"ன்னா. பெரியவர் உதட்டைக் கடிச்சுக்கிட்டு, "இது சம்பந்தமா, பரீட்சையா?"ன்னார். கேட்டுக்கிட்டே கையை நீட்டிட்டார்.

அப்புறம் நீ முட்டியாலயே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொருத்தருக்கா ஊத்தினே. ஆம்பளைங்க, பொம்பளைங்க, கடைசியில அந்த ரெட்டைங்க. பெரியவருக்கு ஊத்தின அதே சுத்தமான தண்ணி அந்த ரெட்டைங்களுக்கும் விழுந்துச்சு. அதுங்க சோப்பு நுரையை ஊதி விளையாடிச்சுங்க. நீ திட்டுவேன்னு பாத்தேன். இன்னொரு தடவை ஊத்தினே.

எழுந்திருக்கத்தான் உன்னால முடியலே. மோட்டார் சைக்கிள்ல விழுந்த முட்டியாச்சே. தரையில கையை ஊனப் போனே. அப்போ பெரியவர் கலுவா எழுந்து வந்து கையை நீட்டினார். நீயும் பிடிச்சே. ரெண்டு கையும் ஈரம், ரெண்டும் கழுவினது. தூக்கி நிறுத்திட்டு, கையை விடாமலே உன்னைத் தட்டுக்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனார். முங்கறதைப் பத்தி யாரும் வாயே திறக்கலே. தவோங்கா என் தோள்ல மூஞ்சியை வச்சுக்கிட்டா.

சாப்பிடும்போது ஒருத்தன், "இனிமே கல்யாணத்துக்கெல்லாம் சர்க்கார்லேர்ந்து முட்டி அனுப்புவாங்களா?"ன்னு கேட்டான். சௌலோஸ், "விண்ணப்பம் போடணும்"னான்.

சேறு பட்ட உன் கால்சட்டையை ஞாயித்துக்கிழமை விட்டுட்டுப் போயிட்டே. துவைச்சு வச்சிருக்கேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பாஸ்டர் கல்யாணத்தை முடிச்சுவைக்கிறார்.

அக்கா


வடகரை முகாம்
16 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதமும் தெம்பவே சுகாதார நிலையத்துச் செய்தியும் ஒரே லாரியில் வந்தன. நியாகலுவா நேற்றுக் காலை காலராவில் இறந்துவிட்டார். இதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை இரவு படகில் திரும்பும்போதே அவருக்குத் தொடங்கியிருக்கிறது. ஞாயிறு முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. சம்மதச் சாப்பாடு முடிந்த மறுநாளே வாந்திபேதி என்றால் பெண் வீட்டுச் சோற்றின் மேல் பழி விழும், தவோங்கா அந்தப் பழியோடு தங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும் என்று மறைத்தாராம். திங்கட்கிழமை மாலை தூக்கி வந்தபோது கையில் நரம்பு அகப்படவில்லை என்று செவிலியர் எழுதியிருக்கிறார். நேரத்தோடு தண்ணீர் ஏற்றினால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்துக்கொள்ளும் நோய் இது. ஒரு பகல் போதும், கைவிட்டுப் போவதற்கு. நம் பெண்ணின் பெயரைக் காப்பாற்ற அவர் அந்தப் பகலைச் செலவிட்டுவிட்டார்.

இங்கே ஆட்கள் போதவில்லை. என்னால் வர இயலாது. வர இயலாதவன் விதிகளை மட்டும் அனுப்புகிறான் என்று நினைக்காதீர்கள். அனுப்ப என்னிடம் வேறொன்றும் இல்லை. அன்று உண்ட எல்லோரையும் வெள்ளிக்கிழமைவரை கவனியுங்கள். ஒரு முறை வயிறு போனாலும் சர்க்கரை உப்பு நீரோடு உடனே சுகாதார நிலையம். யாரும் மறைக்கக் கூடாது. முக்கியமாக நீங்கள். துக்க வீட்டில் அடுப்பு எரிய வேண்டாம். சாப்பாடு போடாததை யாரும் குறையாகச் சொன்னால், நான் தடுத்தேன் என்று சொல்லுங்கள். அவர் படுத்திருந்த பாயையும் துணியையும் சுகாதார நிலையத்தாரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் தொட வேண்டாம். துக்கம் கேட்க வருபவர்கள், போகும்போது, ஓடும் தண்ணீரில் கை கழுவாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

அங்கே யார் ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இருந்திருக்க வேண்டும்.

அவர் கட்டை விரலைத் தேய்க்க மறந்தார். நினைவூட்டியபோது சிரித்தார்.

யாஃபெத்


சிங்கோலே
22 டிசம்பர்

தம்பி,

யாருக்கும் ஒண்ணும் இல்ல. அதை முதல்ல எழுதிடறேன். அன்னைக்கு எங்க வாசல்ல சாப்பிட்டவங்கள்ல ஒருத்தருக்குக்கூட வயிறு போகலே. ரெட்டைங்க மாமரத்து மேலே ஏறி உட்கார்ந்துக்கிட்டு, கழுவிக் கொடுத்த பழத்தைத் தின்னுதுங்க.

உன் கடுதாசி வியாழக்கிழமை வந்துச்சு. அதுக்கு முன்னாடியே சுகாதார நிலையத்து ஆளுங்க வந்து புதைச்சுட்டாங்க. சேதி கேட்டு தெம்பவேக்குப் போன எங்களை அவளைக் குளிப்பாட்ட விடலே. நான் அவங்களோட சண்டை போட்டேன். அப்புறம் நீ அங்க நின்னா என்ன சொல்லியிருப்பேன்னு நினைச்சுக்கிட்டு நகர்ந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை சர்ச்சுப் பொம்பளைங்களோட துக்கம் கேட்கப் போனேன். அடுப்பு எரியலே. பெரியவர் கலுவா என்னைப் பாயில உட்காரவச்சார். அப்புறம் சொன்னார்: "பழையபடி பேசினைச் சுத்தவிட்டிருந்தா முதல்ல யார் கை முங்கியிருக்கும், சொல்லுங்க. அக்கா கை. மூத்தவ அவதானே. அடுத்தது என் கை. அப்புறம் உங்க தம்பி கை. அப்புறம் லெவி, அப்புறம் உங்க பொண்ணு." விரலை ஒவ்வொண்ணா மடக்கிக்கிட்டே வந்தார். ரெட்டைங்க கிட்ட வந்ததும் நிறுத்திட்டார்.

நாங்க கிளம்பினப்போ வாசல்ல அவர் இருந்தார். ஷூ இல்ல, வெறுங்கால். ஜக்கு கையில, சோப்பு ஒரு தேங்காய்ச் சிரட்டையில. முட்டி போட்டிருந்தார், தம்பி. தெம்பவேல அந்த மனுஷன் யாருக்கும் குனிஞ்சது இல்ல. எங்க அத்தனை பேருக்கும் ஊத்தினார். மீன் விக்கிறவளுக்கும் ஊத்தினார். ஒருத்தி விரல் நுனியை மட்டும் நனைச்சுட்டு நழுவப் பாத்தா. "கட்டை விரலு"ன்னார். அவ திரும்பி வந்து தேய்ச்சா. பழைய பேசின் கீழே இருந்துச்சு, விழற தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு. அது நிறைஞ்சா எடுத்துட்டுப் போய் தூரமாக் குழியில கொட்டிட்டு வர்றான் லெவி.

நேத்து பாஸ்டர் கல்யாணத்தை முடிச்சுவச்சார். பாட்டு இல்ல, விருந்து இல்ல. தவோங்கா அவங்க வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி மாமனார் அவ கைக்கு ஊத்தினார். அவ முட்டி போடப் போனா. அவர் விடலே.

நீ வர முடியாததுக்கு வருத்தப்பட்டு எழுதியிருந்ததை அவர்கிட்டச் சொன்னேன். உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார். அப்படியே எழுதறேன்: "அடுத்த தடவை அவரு அவ்வளவு தூரத்துலேர்ந்து மெனக்கெட வேண்டாம்னு சொல்லுங்க. எங்ககிட்டயும் முட்டி இருக்கு."

உன் கால்சட்டையை சௌலோஸ்கிட்ட கொடுத்தனுப்பறேன். முட்டியில ஒட்டுப் போட்டிருக்கேன், ரெண்டு மடிப்பா.

எஸ்னாத்